நூற்றிருபது ஐட்டம், ஒரே அடுப்படி: அமெரிக்கச் சீன உணவகத்தின் மெனுவைப் படிப்பது எப்படி

அமெரிக்காவில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் ஒரு சீன உணவகம் கண்ணில் படும். நாலைந்து மேசை. கல்லாவுக்கு மேலே விளக்குப் போட்ட சாப்பாட்டுப் படங்கள். மடித்துத் தரும் காகித மெனுவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். உள்ளே அடுப்படியில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். எதைக் கேட்டாலும் கல்லாவில் இருப்பவர் சொல்வது ஒன்றுதான்: "பத்து நிமிஷம்."

இதைப் பார்க்கிறவர்கள் இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் முன்னாடியே சமைத்து ஃப்ரீசரில் வைத்து, கேட்டதும் சூடு பண்ணித் தருகிறார்கள் என்பது ஒன்று. இது சீனச் சாப்பாடே இல்லை, அமெரிக்கர்களுக்காகச் சர்க்கரையை அள்ளிக் கொட்டிய ஏதோ ஒன்று என்பது இன்னொன்று. முதலாவது தவறு. இரண்டாவது பாதிதான் சரி. அந்த மெனு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் இரண்டுக்கும் பதில் கிடைக்கும். என்ன ஆர்டர் செய்வது என்று விழிப்பதும் குறையும்.

## பரோட்டாக் கடைக் கணக்கு

நம்மூர் பரோட்டாக் கடையில் என்ன இருக்கிறது? பிசைந்து வைத்த மாவு, சால்னா, முட்டை, வெங்காயம், கொஞ்சம் கறி. பலகையிலோ கொத்து பரோட்டா, முட்டை பரோட்டா, சில்லி பரோட்டா, வீச்சு, கறி வீச்சு என்று பத்துப் பதினைந்து பெயர்கள். மாஸ்டர் பதினைந்து விதமான சமையல் செய்வதில்லை. ஐந்தாறு பொருளைப் பதினைந்து விதமாகச் சேர்க்கிறார்.

சீன மெனுவும் இதே கணக்குத்தான், இன்னும் கறாராக. சிக்கன், பீஃப், போர்க், இறால் என்று நாலு தலைப்புகள் இருக்கும். ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் அதே வால்கள் திரும்பத் திரும்ப வரும்: புரோக்கோலியுடன், கலவைக் காய்கறியுடன், முந்திரியுடன், பூண்டு சாஸில், குங் பாவ், செச்சுவான், ஹுனான். நாலு கறி, பத்து வால் என்றால் 40 ஐட்டம் ஆயிற்று. லோ மெய்ன் (சாஸில் பிரட்டிய மெத்தென்ற நூடுல்ஸ்), ஃப்ரைட் ரைஸ், எக் ஃபூ யங் (காய் சேர்த்துப் பொரித்த தடித்த ஆம்லெட், மேலே குழம்பு) ஆகிய மூன்றுக்கும் அதே நாலு கறி இன்னொரு முறை வரிசை கட்டும். அதோடு சூப், பொரித்த தின்பண்டங்கள், காம்போ தட்டுகள். நூற்றிருபது சுலபமாக வந்துவிடும்.

ஆகவே மெனுவை மேலிருந்து கீழே படிக்க வேண்டாம். எந்தக் கறி, எந்தக் காய், எந்த சாஸ் என்று மூன்று கேள்வியாகப் படிக்கலாம். இவற்றில் ருசியைத் தீர்மானிப்பது மூன்றாவதுதான்.

## சாஸ் குடும்பங்கள்

பிரவுன் சாஸ்தான் தாய். சிக்கன் எலும்பு வேகவைத்த சாறு (இனி ஸ்டாக் என்று சொல்வோம்), சோயா சாஸ், சிப்பிச் சாற்றில் செய்த ஆய்ஸ்டர் சாஸ், சர்க்கரை, வெள்ளை மிளகு, கடைசியில் சில சொட்டு எள்ளெண்ணெய். வீட்டில் செய்வதென்றால் ஒரு கப் ஸ்டாக்குக்கு 2 மேசைக்கரண்டி ஆய்ஸ்டர் சாஸ், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. கெட்டியாக்க, ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரை 2 மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். பீஃப் புரோக்கோலி, பெரும்பாலான கலவைக் காய்கறி வகைகள், எக் ஃபூ யங்கின் குழம்பு எல்லாம் இதன் வழிதான்.

பூண்டு சாஸ் என்பது இதே பிரவுன் சாஸில் பூண்டு, இஞ்சி, வினிகர், மிளகாய் விழுது, கூடுதல் சர்க்கரை சேர்ந்தது. செச்சுவானும் ஹுனானும் சீனாவில் தனித்தனி சமையல் மரபைக் குறிக்கும் பெயர்கள், குங் பாவ் செச்சுவான் மரபின் ஓர் உணவு. இந்தக் கடைகளிலோ பெரும்பாலும் பிரவுன் சாஸில் மிளகாயின் அளவும் காய்களும் மாறுகின்றன. குங் பாவ் என்றால் வேர்க்கடலை வரும். ஓரத்தில் போட்டிருக்கும் சிவப்பு மிளகாய்ப் படத்தை நம்பி யாரும் தண்ணீர்ச் சொம்பைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நமக்குக் காரம் வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்டால்தான் உண்டு.

ஒயிட் சாஸ் என்பது சோயா இல்லாத பிரவுன் சாஸ்: ஸ்டாக், உப்பு, வெள்ளை மிளகு, கார்ன்ஃப்ளார். இறாலுக்கும் காய்க்கும் நன்றாகப் பொருந்தும்.

நாலாவது குடும்பம் பொரித்துப் பாகில் புரட்டுவது. ஜெனரல் ட்ஸோ சிக்கன், எள் சிக்கன், ஆரஞ்சு சிக்கன் மூன்றும் இதில் சேரும். கார்ன்ஃப்ளார் மாவில் தோய்த்துப் பொரித்த அதே கோழித் துண்டுகள். சர்க்கரை, வினிகர், சோயா கலந்த ஏறத்தாழ ஒரே பாகு. காய்ந்த மிளகாய் விழுந்தால் முதல் பெயர், எள் தூவினால் இரண்டாவது, ஆரஞ்சுத் தோல் சேர்ந்தால் மூன்றாவது. மூன்று பேர் போய் இந்த மூன்றையும் ஆர்டர் செய்தால், ஒரே ஐட்டத்தை மூன்று முறை வாங்கியதாக அர்த்தம்.

கார்ன்ஃப்ளாரில்தான் வீட்டுச் சமையல் வழக்கமாகச் சறுக்கும். கரைத்து வைத்த மாவு ஒரு நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். ஊற்றும் முன் மறுபடி கலக்காவிட்டால் தண்ணீர் மட்டும் போய்ச் சேரும். குழம்பு நன்றாகக் கொதிக்காமல் இறக்கினால் மாவு வாசனை அடிக்கும். கொதித்த பிறகு நெடுநேரம் அடுப்பில் விட்டால் கெட்டியான குழம்பு மறுபடி இளகிவிடும். பார்சல் டப்பாவிலிருந்தே வாய் வைத்த கரண்டியால் சாப்பிட்டு, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் குழம்பு நீர்த்துக் கிடப்பதும் இதே ரகம்தான். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. கடைக்காரர் மேல் பழி இல்லை.

## பத்து நிமிடத்தில் எப்படி முடிகிறது

காலையில் கடை திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். புரோக்கோலி அரிந்து, வெந்நீரில் ஒரு கொதி போட்டு எடுத்து, குளிரவைத்திருப்பார்கள். சாஸ்கள் வாளியில் தயார். ஃப்ரைட் ரைஸுக்கான சோறு முந்தின நாளே வடித்து ஆறவைத்தது. சூடான சோறு ஈரத்தோடு ஒட்டிக் குழையும். குளிர்ந்த சோறு உதிரியாகப் பிரியும். காய், சாஸ், சோறு இவற்றில் முன்கூட்டிச் செய்வது இவ்வளவுதான். மீதிச் சமையல், ஆர்டர் வந்த பிறகே நடக்கிறது.

கறியில் ஒரு தந்திரம் இருக்கிறது. சீன உணவகக் கோழி, மார்புக்கறியாக இருந்தும், வறளாமல் வழவழவென்று இருப்பதற்கு வெல்வெட்டிங் என்ற முறை காரணம்: கறிக்கு மாவுப் போர்வை போர்த்தி, குறைந்த சூட்டு எண்ணெயில் முக்கால் பங்கு வேகவைத்து எடுப்பது. அரைக் கிலோ கோழிக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு மேசைக்கரண்டி அரிசி ஒயின், அரை டீஸ்பூன் உப்பு. அரைமணி ஊறவேண்டும். பிறகு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் அரை நிமிடம், முக்கால் நிமிடம். துண்டுகள் வெளுத்ததும் எடுத்து வடிகட்டிவிட வேண்டும். எண்ணெய் 180 டிகிரிக்கு ஏறிவிட்டால் வெல்வெட் போய் பக்கோடா ஆகிவிடும். எண்ணெயில் பொரிக்காமல், கொதிக்கும் தண்ணீரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டும் செய்யலாம். வீட்டுக்கு இதுவே வசதி.

பீஃபுக்குக் கூடுதலாக நம் ஆப்ப சோடா. அரைக் கிலோவுக்கு அரை டீஸ்பூன், 20 நிமிடம். சோடாவின் காரத்தன்மை கறியின் புரதங்கள் சூட்டில் இறுகிப் பின்னிக்கொள்வதைத் தடுக்கிறது. அளவு மீறினால் சோப்பு ருசி வரும். நரம்போட்டத்துக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்டாவிட்டால் எந்தச் சோடாவும் காப்பாற்றாது.

பிறகு வோக், அதாவது குழிந்த அடியுள்ள இரும்பு வாணலி. அமெரிக்க வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் மணிக்கு 10,000 முதல் 15,000 பி.டி.யூ. வெப்பம் தரும் (பி.டி.யூ. என்பது அங்கே வெப்பத்தை அளக்கும் அலகு). உணவக வோக் அடுப்பு ஒன்று 1,00,000-ஐத் தாண்டும். ஏறத்தாழ ஏழு முதல் பத்து மடங்கு. இந்தச் சூட்டில் காயிலிருந்து கசியும் நீர் கசிந்த வேகத்தில் ஆவியாகிவிடும். அதனால் காய் வேகாமல் வதங்கும், சாஸ் ஒட்டிக்கொள்ளும், லேசான புகை வாசனை ஏறும். வீட்டில் அதே அளவை ஒரேயடியாகக் கொட்டினால் வாணலி குளிர்ந்து, எல்லாம் சொந்தத் தண்ணீரிலேயே வெந்துவிடும். இரண்டு பேருக்கான அளவை இரண்டு தடவையாக வதக்குவதுதான் வழி.

வோக் அடுப்பைக் கிட்டே பார்த்தால் இன்னொன்று தெரியும். ஒவ்வொரு அடுப்புக்கும் மேலே ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும், அடுப்பு மேடை மீது தண்ணீர் ஓடி பின்புறக் கால்வாயில் வடியும். மேடை பழுக்கக் காயாமல் இருக்க அது. சமையல்காரர் ஒரு ஐட்டத்தைக் கொட்டிய கையோடு குழாயைத் திருப்பி, சூடான வோக்கில் தண்ணீர் விட்டு, மூங்கில் துடைப்பத்தால் நாலு தேய் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, அடுத்ததற்கு எண்ணெய் ஊற்றுவார். வோக் அடுப்பை விட்டு நகர்வதில்லை. ஒரு ஐட்டம் நெருப்பில் இருப்பது இரண்டு மூன்று நிமிடம். மீதி நேரம் உங்களுக்கு முன் வரிசையில் நிற்பவர்களுடையது.

சுருக்கமாக: அரிந்த காய், முக்கால் வெந்த கறி, கலந்த சாஸ் மூன்றும் தயாராக நிற்கின்றன. கடும் சூட்டில் அவற்றைச் சேர்க்கும் வேலை மட்டும் ஆர்டர் வந்த பிறகு நடக்கிறது.

## ஊருக்கு ஊர் ஒரே மெனு ஏன்

இவை பெரும்பாலும் தனித்தனிக் குடும்பங்களின் கடைகள். தலைமை அலுவலகம் கிடையாது. ஆனாலும் மெய்ன் மாநிலத்திலும் டெக்சஸிலும் கிட்டத்தட்ட ஒரே மெனு. காரணம் சட்டத்திலும் பிழைப்பிலும் இருக்கிறது.

1849-ஐ ஒட்டிய தங்க வேட்டையின்போதும் அதன் பிறகு ரயில்பாதை வேலைக்கும் கலிபோர்னியாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தவர். 1882-ல் வந்த சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதையே தடுத்தது. வணிகர்கள், மாணவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1915-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளர்களையும் வணிகர் பட்டியலில் சேர்த்தது. உணவகத்தில் முதலீடு செய்து, குறைந்தது ஓராண்டு முழுநேர மேலாளராக இருந்தால் சொந்த ஊருக்குப் போய்வரலாம், குடும்பத்தை அழைத்துவரலாம். பலர் கூட்டாகப் பணம் போட்டு, மேலாளர் பதவியை முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். சீனர்கள் சமையலில் ஆர்வம் அதிகம் உள்ளவர்கள் என்பதால் உணவகம் திறந்தார்கள் என்று சொல்வது, இந்தச் சட்டத்தை அறியாத பேச்சு.

அந்தச் சட்டம் 1943-ல் நீங்கியது. 1965-ன் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு தைவான், ஹாங்காங்கிலிருந்து சமையல்காரர்கள் வந்தார்கள். செச்சுவான், ஹுனான் பெயர்கள் மெனுவில் ஏறியது அப்போதுதான். ஜெனரல் ட்ஸோ சிக்கனே நல்ல சாட்சி. ஹுனானில் பிறந்து தைவானுக்குக் குடிபெயர்ந்த பெங் சாங்-குவெய் என்ற சமையல்காரர் 1950-களில் தைவானில் ஆக்கியது அது. புளிப்பு, உப்பு, காரம், பூண்டு என்றிருந்த அதற்கு இனிப்பு சேர்ந்தது 1970-களின் நியூயார்க்கில். பெயரில் இருக்கும் ட்ஸோ தளபதியின் சொந்த மாகாணமான ஹுனானில் அப்படியொரு உணவு வழக்கில் இருந்ததில்லை.

1980-களிலிருந்து ஃபூஜியன் மாகாணத்தவர்கள் பெருமளவில் வந்து இந்தக் கடைகளில் பலவற்றை எடுத்து நடத்தினார்கள். நியூயார்க் சைனாடவுனின் ஈஸ்ட் பிராட்வே பகுதியிலுள்ள வேலைவாய்ப்பு ஏஜென்சிகளில், ஊர்ப் பெயருக்குப் பதில் தொலைபேசி வட்டார எண்ணைக் குறித்து சமையல்காரர் வேலை அறிவிப்பார்கள். ஓஹையோவில் வேலை பார்த்தவர் அடுத்த மாதம் ஜார்ஜியாவில் வோக் பிடிக்க வேண்டும். எங்கே போனாலும் பிரவுன் சாஸ் பிரவுன் சாஸாகவே இருந்தால்தான் அது நடக்கும்.

எனவே "அசல் சீனச் சாப்பாடா?" என்பதற்கு நேர்மையான பதில்: நுட்பம் சீனத்துடையது, காயும் இனிப்பும் அமெரிக்காவுடையது. சீனப் புரோக்கோலியான கைலான் கிடைக்காத இடத்தில் இத்தாலியர்கள் கொண்டுவந்த புரோக்கோலி நுழைந்தது. கொல்கத்தாவின் ஹக்கா சீனர்களின் வழிவந்த நம் சில்லி சிக்கனும் கோபி மஞ்சூரியனும் இதே போன்ற இன்னொரு கிளை. அவற்றை எதிர்பார்த்து இந்தக் கடைகளுக்குள் போனால் ஏமாற்றம்தான். அதற்கு இந்தியச் சீன உணவகம் என்று பலகை போட்ட கடைகள் தனியாக இருக்கின்றன.

## ஆர்டர் செய்யும்போது

பார்சல் அளவு பைன்ட், குவார்ட் என்று இருக்கும். பைன்ட் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு (473 மி.லி.), குவார்ட் அதைப் போல இரண்டு. ஒரு குவார்ட் ஐட்டம் இரண்டு பேருக்குத் தாராளம். காம்போ தட்டில் பெரும்பாலும் போர்க் ஃப்ரைட் ரைஸும் எக் ரோலும் (முட்டைக்கோஸ் வைத்துச் சுருட்டிப் பொரித்தது) சேர்ந்தே வரும். போர்க் வேண்டாதவர்கள் வெள்ளைச் சோறு என்று முன்பே சொல்லிவிட வேண்டும். காலை 11 மணியிலிருந்து மதியம் 3 மணி வரை லஞ்ச் ஸ்பெஷல், அதே ஐட்டம் குறைந்த அளவில், குறைந்த விலையில்.

உட்கார்ந்து சாப்பிடும்போது தட்டுகளை நடுவில் வைத்துப் பகிர்வதுதான் முறை. நாலு பேருக்கு மூன்று ஐட்டம், ஒரு சூப், சோறு போதும். ஒரு பிரவுன், ஒரு ஒயிட், ஒரு பொரித்தது என்று சாஸ் குடும்பம் மாறட்டும். பெரும்பாலான மாநிலங்களில் பில்லில் விற்பனை வரி சேரும். சர்வர் பரிமாறினால் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வழக்கம்.

ஒரு பொறி இருக்கிறது. நியூயார்க் பக்கம் சௌ மெய்ன் கேட்டால் வதக்கிய நூடுல்ஸ் வராது. முட்டைக்கோஸும் செலரியும் ஒயிட் சாஸில் வரும், கூடவே சோறும் ஒரு பை பொரித்த மொறுமொறு நூடுல்ஸ் துண்டுகளும். மேற்குக் கரையில் அதே பெயருக்கு வதக்கிய நூடுல்ஸ். கிழக்கில் நூடுல்ஸ் வேண்டுமென்றால் லோ மெய்ன்தான்.

கடைசியில் வரும் ஃபார்ச்சூன் குக்கி சீனாவிலிருந்து வந்ததல்ல. ஜப்பானின் கியோட்டோ பக்கத்துப் பழைய பண்டம், ஜப்பானியக் குடியேறிகளோடு கலிபோர்னியா வந்து பிறகு சீன உணவகங்களுக்குக் கைமாறியது.

## சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

மெனுவில் "வெஜிடபிள்" என்று போட்டிருப்பது காய் இருக்கிறது என்பதற்கான குறிப்பு மட்டுமே. அசைவம் இல்லை என்பதற்கான உத்தரவாதம் அல்ல. மேலே சொன்ன சாஸ் கணக்கைத் திரும்பப் பாருங்கள். பிரவுன் சாஸில் சிக்கன் ஸ்டாக்கும் ஆய்ஸ்டர் சாஸும் உண்டு. பூண்டு சாஸ் அதிலிருந்து பிறந்தது. ஒயிட் சாஸிலும் ஸ்டாக். "புத்தாஸ் டிலைட்" என்ற காய்கறிக் கலவையிலும் இதே சாஸ் விழலாம். மா போ டோஃபுவில் (டோஃபு என்பது சோயாப் பாலில் செய்த பனீர் போன்றது) கொத்திய போர்க் இருக்கும். ஹாட் அண்ட் சவர் சூப்பில் முட்டை, ஸ்டாக், பல கடைகளில் போர்க் நறுக்கும். எக் ரோலின் முட்டைக்கோஸுக்குள் போர்க் துணுக்குகள். வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸில் முட்டை.

"நான் வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் கறித்துண்டு இல்லாமல் தருவார்கள், அவ்வளவுதான். குறிப்பாகக் கேட்க வேண்டும்: சிக்கன் ஸ்டாக் வேண்டாம், ஆய்ஸ்டர் சாஸ் வேண்டாம், முட்டை வேண்டாம், தண்ணீரும் சோயா சாஸும் போட்டுச் செய்யுங்கள். ஆர்டர் வந்த பிறகே வோக்கில் சேர்ப்பதால் இது அவர்களுக்குச் சிரமமான வேலை இல்லை. கூட்ட நேரத்தில் கேட்கச் சங்கடமாக இருந்தால் மெனுவின் மூலையிலுள்ள டயட் பகுதிக்குப் போய், ஆவியில் வெந்த டோஃபுவும் காய்களும், சாஸ் இல்லாமல் என்று கேளுங்கள். சோயா பாக்கெட்டும் மிளகாய் எண்ணெயும் போதும். வோக்கும் பொரிக்கும் எண்ணெயும் எல்லாவற்றுக்கும் பொது என்பதை மட்டும் மாற்ற முடியாது.

## அஜினோமோட்டோ பயம்

1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்த குளுட்டமேட்டின் உப்புதான் இது. தக்காளியிலும் முற்றிய சீஸிலும் குளுட்டமேட் இயற்கையாகவே உண்டு. 1968-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு ராபர்ட் ஹோ மான் குவாக் என்ற மருத்துவர் சீன உணவகத்தில் சாப்பிட்டபின் மரமரப்பு வருவதாக எழுதிய கடிதத்திலிருந்து பயம் கிளம்பியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே வகைப்படுத்துகிறது. உணவில்லாமல் 3 கிராமுக்கு மேல் எடுத்தால் சிலருக்குத் தற்காலிகத் தலைவலி போன்றவை வரலாம் என்றும், ஒரு வேளை உணவில் பொதுவாக இருப்பது அரை கிராமுக்கும் குறைவு என்றும் சொல்கிறது. சாப்பிட்டபின் வரும் தாகத்துக்கு சோயா சாஸின் உப்பைச் சந்தேகிப்பது நியாயமாக இருக்கும்.

## மிச்சம் இருந்தால்

கம்பிப் பிடி வைத்த வெள்ளை அட்டைப் பெட்டி 1894-ல் சிகாகோவில் காப்புரிமை பெற்றது. ஒரே அட்டையை மடித்துச் செய்வதால் கசியாது, மடிப்புகளைப் பிரித்தால் தட்டாகவும் விரியும். கம்பி இருக்கும் பெட்டியை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் பெருகும் பசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பொரித்த சிக்கனை மைக்ரோவேவில் போட்டால் தொளதொளத்துவிடும், 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் எட்டுப் பத்து நிமிடம் வைத்தால் பாதியாவது மொறுமொறுப்பு திரும்பும். பாகைத் தனி டப்பாவில் கேட்டு வாங்கியிருந்தால் முக்கால்வாசி.